மருந்தும் மரபணுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிளஸ் டூ மாணவி, தக்கலை: மருந்து-மரபணு ஆராய்ச்சி செய்யும் மருத்துவராக என்ன படிக்க வேண்டும்?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, நீட் பி.ஜி. எழுதி எம்.டி. மருந்தியல் 3 ஆண்டு, அதன்மேல் டி.எம். கிளினிக்கல் ஃபார்மகாலஜி 3 ஆண்டு. ஆக பதினொன்றரை ஆண்டு. டி.எம். இடங்கள் மிகக் குறைவு. புதுச்சேரி ஜிப்மரில் உண்டு.

பயிற்சி மருத்துவர், நாகர்கோவில்: பச்சை மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) வரவே இல்லை.

வராது. அதிலிருக்கும் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதியை முடக்கும். ஊதா மூடி, 2-3 மில்லி. குழாயைப் பார்த்து எடுங்கள்.

முதுநிலை மாணவர், மார்த்தாண்டம்: ரத்தக் கட்டியைத் தடுக்கும் குளோபிடோகிரெல் சாப்பிடும் 80 பேருக்கு சி.ஒய்.பி. 2சி19 மரபணு பார்த்தேன். மரபணுவுக்கும் மருந்தின் பலனுக்கும் பொருத்தமே இல்லையே?

மரபணு முடிவுகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மருந்து எப்போது தொடங்கினார், முந்தின நாள் போட்டாரா, வேறென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. கோளாறு அங்கேதான். இந்த மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதே கல்லீரலின் 2சி19 நொதி. அந்த மரபணுவின் ஸ்டார் 2 வகை ஒரு பிரதி இருந்தாலே வேகம் குறையும். நம் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கும். ஆனால் வயிற்று அமிலத்துக்கு ஒமெப்ரசோல் போடுகிறவருக்கு மரபணு சரியாக இருந்தாலும் அதே நொதி அடங்கிவிடும். உங்கள் 80 பேரில் ஒமெப்ரசோல் எத்தனை பேர்? குளோபிடோகிரெல் 75 மி.கி. தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாதவர் எத்தனை பேர்? நம் மாவட்டத்தில் ஸ்டென்ட் சீட்டு திருவனந்தபுரத்திலிருந்து வரும், சர்க்கரைச் சீட்டு உள்ளூரில் இருக்கும். கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்பார்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லி, பெயர், அளவு, தொடங்கிய தேதி எல்லாவற்றையும் ரத்தம் எடுக்கும் அன்றே எழுதுங்கள். மரபணுவை அடுத்த வருடமும் பார்க்கலாம். இன்று போட்ட மாத்திரையை அடுத்த வருடம் யார் சொல்வார்? மருந்து பலன் தருகிறதா என்று பார்க்கும் பிளேட்லெட் சோதனைக்கு நீல மூடிக் குழாய் தனி. சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

வாசகர், குளச்சல்: வலிப்புக்கு 5 வருடமாகக் கார்பமாசெபைன். மரபணுச் சோதனை வேண்டுமா?

வேண்டாம். அது, இந்த மருந்தால் கடுமையான தோல் பாதிப்பு வருமா என்று மருந்து தொடங்கும் முன் பார்ப்பது. அந்தப் பாதிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 2-3 மாதத்திலேயே வந்துவிடும். பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு திரும்பும்.

ஆய்வு மாணவி, குலசேகரம்: பழைய ஆய்வில் மீந்த டி.என்.ஏ.வைப் புதிய ஆய்வுக்கு எடுக்கலாமா?

அன்று வாங்கிய ஒப்புதலில் இடமிருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எடுக்கலாம். அதற்கு முன் அன்றைய மருந்து விவரம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புதிதாகவே ஆள் சேருங்கள்.