செஞ்சூரியனுக்கு எந்த ஊர் மண் பூசுவது?

கடலூர், புதுச்சேரி பக்கம் சின்ன அளவில் பிளாஸ்டிக் டாங்கி மாடல் கட்டும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயிண்ட் பற்றிக் கேட்ட எல்லோரிடமும் எனக்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு: எந்த வண்டி, எந்த ஊர், எந்த மாதம்?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், முதல் கிட் வாங்கப் போகிறேன். 1:35 வாங்குவதா, 1:72 வாங்குவதா? டைகர்தான் ஆசை.

1:35 வாங்குங்கள், அதாவது அசலில் 35-ல் ஒரு பங்கு அளவு. டைகர் என்ற ஜெர்மன் டாங்கி, பீரங்கிக் குழலோடு சேர்த்து சுமார் எட்டரை மீட்டர் நீளம். 1:35-ல் அது 24 சென்டிமீட்டர், 1:72-ல் 12 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சின்னதில் கைப்பிடிக் கம்பியை ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். இந்த 35 என்ற எண் வந்த கதையும் வேடிக்கைதான். 1960-களின் தொடக்கத்தில் தாமியா நிறுவனம் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி பொம்மை செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்று பார்த்து வைத்த அளவு அது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் முதல் வண்டியாக டைகர் வேண்டாம். அதன் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அடுக்கடுக்காக இருக்கும். அசல் வண்டியிலும் அது தொல்லைதான்: ரஷ்யக் குளிரில் இடையில் சேறு புகுந்து உறைந்துவிடும், உள்சக்கரம் ஒன்றைக் கழற்ற வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யர்களின் டி-34 டாங்கியை எடுத்தால் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், முடிந்தது. போர்க்கால அவசரத்தில் தயாரானது என்பதால் அதன் வார்ப்பும் வெல்டிங்கும் கரடுமுரடாகவே இருந்தன. உங்கள் புட்டி வேலை கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் டி-34 தாங்கும்.

தேவனாம்பட்டினம்: சூப்பர் குளூ டியூபைத் திறந்த சில நாளிலேயே கெட்டியாகிவிடுகிறது. ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கவும் செய்கிறது. கம்பெனியை மாற்றலாமா?

கம்பெனி என்ன செய்யும்? கடற்காற்றுதான் காரணம். சூப்பர் குளூ காய்வதே ஈரத்தால்தான். திறந்துவைத்தால் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத் தானாக இறுகும். வாயைத் துடைத்து மூடி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். சூடு தணிவது போலக் குளிரும் தணியட்டும். அந்த வெள்ளைப் பூச்சு, பசையின் ஆவி பக்கத்தில் போய்ப் படிவது. ஊசி முனையால் கொஞ்சமாக வைத்து, லேசாக ஃபேன் ஓட விடுங்கள். வார்னிஷ் அடித்தால் மிச்சம் மறைந்துவிடும்.

இன்னொன்று. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்ட சூப்பர் குளூ எதற்கு? பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும் சிமெண்ட் திரவம் இருக்கிறது. சூப்பர் குளூவைப் பித்தளைக்கும் ரெசினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை: ஐப்பசி மழையில் ஏர்பிரஷ் பிடித்தேன். பச்சை பெயிண்ட் பால் ஊற்றியது போல் ஆகிவிட்டது.

வேகமாகக் காயும் லாக்கர் (lacquer) வகை பெயிண்ட் அடித்திருப்பீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. காய்வதைத் தாமதமாக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மெல்லியதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும். கம்ப்ரஸருக்கு நீர்ப்பிடிப்பான் கட்டாயம். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நண்பகலில் மட்டும் அடியுங்கள், மற்ற நேரத்தில் தூரிகை வேலையைப் பாருங்கள்.

பண்ருட்டி: 1965 போரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்த நம் செஞ்சூரியன் டாங்கியைக் கட்டுகிறேன். கேப்பர் மலைச் செம்மண்ணைச் சலித்துப் பூசலாம் என்று நினைக்கிறேன். சரியா?

சரியில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அசல் உத்தர் இருப்பது பஞ்சாபில், கேம்கரண் பக்கம். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை அங்கே சண்டை. பாகிஸ்தானிடம் 90 மி.மீ. பீரங்கி பொருத்திய பாட்டன்கள் இருந்தன. நம் பக்கம் 3-வது கேவல்ரி படைப்பிரிவின் செஞ்சூரியன்கள், டெக்கான் ஹார்ஸின் பழைய ஷெர்மன்கள், 8-வது கேவல்ரியின் சின்ன ஏஎம்எக்ஸ்-13-கள். குதிரை லாட வடிவில் நின்று, விளைந்த கரும்புக்குள் வண்டிகளை மறைத்தார்கள். கால்வாய்த் தண்ணீரைத் திறந்து வயல்களை நனைத்தார்கள். உள்ளே வந்த பாட்டன்கள் சேற்றில் திணறின. 4-வது கிரெனேடியர்ஸின் அப்துல் ஹமீத், ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தி உயிர்விட்டு, பரம் வீர் சக்ரா பெற்றது இங்கேதான். செஞ்சூரியன் பெரிய வண்டி, பாட்டன் மட்டம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே பாதி வேலையைத் தண்ணீரும் கரும்பும் செய்தன.

ஆகவே உங்கள் வண்டிக்கு வேண்டியது வண்டல் சேறு. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். ஈரமாக இருக்கும்போது கறுத்தும், காய்ந்தால் வெளுத்தும் இருக்கும். கீழ்ப்பகுதியில் ஈரச் சேறு, மேலே போகப்போகக் காய்ந்த தெறிப்பு. சக்கரச் சங்கிலியில் இரண்டு கரும்புத் தோகை சிக்கியிருந்தால் பார்க்கிறவருக்கு ஊர் தெரிந்துவிடும். பண்ருட்டிக்காரருக்குக் கரும்புச் சோகை எப்படிக் காயும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. குழலையும் கவனியுங்கள். 1965-ல் நம்முடையது 20 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கி. இஸ்ரேலிய செஞ்சூரியன் கிட் வாங்கினால் 105 மி.மீ. குழல் இருக்கும், அதை மாற்ற வேண்டும்.

செம்மண்ணை வீணாக்காதீர்கள். வியட்நாம் போரின் அமெரிக்க எம்48 கட்டினால் அதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் மாவாகச் சலிக்காத மண் 1:35-ல் கூழாங்கல்லாகத் தெரியும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்: ஐயா, டைகர் சாம்பல் நிறமா, மஞ்சளா? மேலே வரிவரியாக இருப்பது என்ன?

தம்பி, மாதத்தைச் சொன்னால் நிறத்தைச் சொல்கிறேன். 1943 பிப்ரவரி வரை ஐரோப்பாவில் ஓடிய ஜெர்மன் வண்டிகளுக்குக் கரும்சாம்பல், அதன்பிறகு அடர்மஞ்சள். அந்த வரிகள் சிம்மரிட் என்ற பூச்சு. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க, 1943-ன் பிற்பகுதியில் பூச ஆரம்பித்து 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். 1943 ஜூலையில் நடந்த கூர்ஸ்க் சண்டைக்குக் கட்டுகிறாய் என்றால் மஞ்சள் அடி, சிம்மரிட் வேண்டாம். பூச வேண்டிய வண்டி என்றால் ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும். தண்ணீர் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் வரி வரியாக அழுத்து. சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்துகொள்.

நெய்வேலி: சங்கிலி முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் துரு அடித்தேன். ஏதோ ஒட்டவில்லை.

சுரங்க ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஓடிக்கொண்டிருக்கும் புல்டோசரையோ ஹிட்டாச்சியையோ போய்ப் பாருங்கள். தரையில் படும் மேடு வெள்ளிபோல் மின்னும், பள்ளத்தில் மண் அப்பியிருக்கும், மற்ற இடம் கரும்பழுப்பு. ஆரஞ்சுத் துரு, பல நாள் நகராமல் நிற்கும் வண்டிக்குத்தான். கரும்பழுப்பு அடித்து, மண் தூள் போட்டு, மேட்டில் 6பி பென்சிலைத் தேய்த்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலைக்காரர் ஒருவர்: முதல் உலகப்போரில் இறந்த நம் ஊர்க்காரர்களுக்கான நினைவுச்சின்னத்தைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சு டாங்கி எதைக் கட்டலாம்?

ரெனோ எஃப்டி. 1918 மே 31-ல் முதல் சண்டை. முழுச்சுற்றும் திரும்பும் ஆயுதக் கோபுரம் மேலே, எஞ்சின் பின்னே, ஓட்டுநர் முன்னே. இன்றைய டாங்கிகள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. உள்ளே இரண்டே பேர். சத்தத்தில் பேச முடியாது என்பதால், தளபதி ஓட்டுநரின் தோளிலும் முதுகிலும் காலால் தட்டித்தான் திசை சொல்வார். மாதிரி கையளவுதான் வரும், ஆனால் ரிவெட் ஏராளம். மணல்தாள் போடும்போது அவற்றைத் தேய்த்துவிடாதீர்கள்.

சிதம்பரம்: தமிழ்நாட்டுத் தொடர்போடு ஏதாவது சொல்லுங்கள். ஆவடி விஜயந்தா தவிர.

காஷ்மீர்-லடாக் வழியில் உள்ள ஜோஜிலா கணவாய், 1948 நவம்பர் 1. பதினோராயிரம் அடிக்கு மேல், 7-வது கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியில் ஏறின. அதற்கான பாதையைப் போட்டுக்கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. ரகசியம் காக்கக் கோபுரங்களைத் தனியே கழற்றிக் கொண்டுபோனார்கள். கோபுரம் இல்லாத ஸ்டூவர்ட், தார்ப்பாய், மண்வெட்டியோடு நாலைந்து சாப்பர்கள் என்று ஒரு காட்சி அமைத்தால், அதுவரை யாரும் கட்டாததாக இருக்கும் என்பது என் ஊகம். பனிக்குச் சமையல் சோடா போடாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகும்.

கடலூர் முதுநகர்: பித்தளைத் தகட்டுப் பாகங்கள் ஒட்டிய மறுமாதமே கறுக்கின்றன.

ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைத்துக் கைரேகையை எடுங்கள். ஒட்டிய அன்றே பிரைமர் அடியுங்கள். துறைமுகக் காற்றில் வெறும் பித்தளையை ஒரு வாரம்கூட விடக்கூடாது.