மேல்தொட்டியும் வடிகுழாயும்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மீன்தொட்டி பற்றியவை. கடல்மீன் வளர்க்கிறவர்கள் இப்போது ரெஃப்யூஜியம் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரிய தொட்டியோடு குழாயால் இணைந்த சிறு தொட்டி அது, மீனின் வாய் எட்டாத இடம். அங்கே வளரும் கடல்பாசி தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளும். மீனுக்கு இரையாகும் கோபிபாட் போன்ற சிற்றுயிர்களும் பெருகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கான குழாய்ச் சாமான் வாங்குவதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

மார்த்தாண்டம்: மூன்றடித் தொட்டிக்கு மேலே தட்டு அடித்து ரெஃப்யூஜியம் வைத்தேன். கீழிருந்து பம்ப் ஏற்றும், மேலிருந்து தண்ணீர் தானாக இறங்கும். இதைச் சொல்லித்தான் கேட்டேன். மணிக்கு 2000 லிட்டர் ஏற்றும் பம்பும் அரை இஞ்ச் குழாயும் கடைக்காரரே எடுத்துத் தந்தார். ராத்திரி மேல்தொட்டி நிறைந்து ஹால் முழுக்க உப்புத்தண்ணீர். என் தவறா?

இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிக் கேட்டவருக்குப் பொருந்தாத பொருளைத் தந்தது அவர் தவறு. பம்பையும் குழாயையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பம்ப் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. இறங்கும் குழாய்க்கு அந்த அழுத்தம் கிடையாது, தண்ணீரின் சொந்த எடை மட்டும்தான். ஆகவே ஏற்றும் குழாயைவிட இறக்கும் குழாய் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு இஞ்ச் குழாயின் வாய்ப் பரப்பு அரை இஞ்ச் குழாயுடையதைப் போல நான்கு மடங்கு. உங்களுக்கு ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிளும் (தொட்டியின் ஓட்டையில் குழாயைப் பொருத்தும் துண்டு) ஒரு இஞ்ச் பிவிசி குழாயும் வேண்டும். திரும்பும் இடத்தில் ஒரே எல்போவை வைத்து ஒடிக்காமல் 45 டிகிரி வளைவு இரண்டு போடுங்கள். வடிகுழாயில் வால்வு கூடாது. நிப்பிளின் வாய்க்கு வலைமூடி போட்டு, அதற்குச் சற்று மேலே அதே அளவில் இன்னொரு ஓட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பாசி வந்து கீழ் வாயை அடைத்தாலும் தண்ணீர் மேல் வாய் வழியாக இறங்கிவிடும். அந்த இரண்டாவது நிப்பிளுக்குக் கொடுக்கிற காசுதான் இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பயனுள்ள செலவு.

பம்ப் சிறியதே போதும், பாசிக்கு வேகமான ஓட்டம் தேவையில்லை. மேலே வைத்ததைப் பற்றி வருந்தவும் வேண்டாம். சிற்றுயிர்கள் பம்பின் விசிறியில் அடிபடாமல் தண்ணீரோடு இறங்கி மீனிடம் சேருவது மேல்தொட்டியில்தான் நடக்கும்.

குலசேகரம்: வீட்டுப் பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பித்தளை வால்வு இருக்கிறது. ஏற்றும் குழாயில் போடலாமா?

கூடாது. பித்தளையில் இருப்பது செம்பு. உப்புத்தண்ணீரில் அது கரைந்தால் இறாலும் பவளமும் செத்துப்போகும். பிவிசி பால் வால்வு (ball valve) வாங்குங்கள்.

குளச்சல்: ஓட்டையும் நிப்பிளும் வைத்தே விற்கிற ரெஃப்யூஜியம் ஒன்றை நாகர்கோவிலில் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய அன்றே நிப்பிள் ஓரத்தில் ஒழுகியது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டிக் கையை விரிக்கிறார்கள்.

இந்த ஒற்றை வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. துணிக்கடை, பாத்திரக்கடை, மின்சாமான் கடை என்று எங்கே போனாலும் பில்லின் அடியில் இது அச்சாகியிருக்கிறது. வாங்கியவரும் இதுதான் சட்டம் என்று நம்பிப் பேசாமல் திரும்பிவிடுகிறார். சட்டம் வேறு சொல்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அதன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அப்படியே. கடைக்காரர் சொந்தமாக அச்சடித்த வரி இதை மாற்றிவிடாது.

எனக்கும் இது நடந்தது. "கடல்நீருக்கு ஏற்றது" என்று பெட்டியிலேயே எழுதியிருந்த பம்ப் ஒன்றை வாங்கினேன். உள்ளே இருந்த தண்டு துருப்பிடித்துத் தண்ணீரே பழுப்பாகிவிட்டது. விற்றவர் முதலில் காட்டியது இதே வரியைத்தான். பில், பெட்டி, துருவின் படம் மூன்றையும் இணைத்து எழுத்தில் கேட்ட பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒழுகுவதை வீடியோ எடுத்துவிட்டுக் கடைக்குக் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அப்புறமும் நடக்கவில்லையா, நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

கருங்கல்: ஆஃபரில் ஆன்லைனில் தொட்டி வாங்கினேன். "டஃபன்ட் கிளாஸ்" என்று போட்டிருந்தது. பிளம்பர் டிரில் வைத்ததும் பொடிப்பொடியாக நொறுங்கிவிட்டது. விற்றவர்மேல் வழக்குப் போடலாமா?

முடியாது. டஃபன்ட் என்றால் சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி, அதில் ஓட்டை போட்டால் நொறுங்கத்தான் செய்யும். என்ன கண்ணாடி என்று விற்றவர் மறைக்கவில்லை, படிக்காமல் டிரில்லைக் கொடுத்தது நீங்கள். அடுத்த முறை சாதாரணக் கண்ணாடியில் வாங்குங்கள். நிப்பிளை முதலில் வாங்கி அதைக் கையோடு கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு இஞ்ச் நிப்பிளுக்கு வேண்டிய ஓட்டை ஒரு இஞ்சைவிடப் பெரிது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொட்டியை ஒட்டுவதற்கு முன்பே அவர்களே ஓட்டை போட்டுத் தரட்டும்.

இரணியல்: ரெஃப்யூஜியம் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. காற்று மழை வந்தால் இங்கே கரண்ட் இருக்காது. பம்ப் நின்றால் மேலிருக்கிற தண்ணீர் முழுவதும் இறங்கிவிடுமா? ஒருவழி வால்வு வாங்கவா?

முழுவதும் இறங்காது, தண்ணீர் வழிந்து கீழே போகிற வாயின் மட்டம் வரைதான் இறங்கும். அதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 3 செ.மீ. இறங்கினால் 12 லிட்டர் கீழே வரும். அந்த இடம் கீழ்த்தொட்டியில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது: பம்பிலிருந்து மேலே போகிற குழாயின் நுனி தண்ணீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். நுனியை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள், அல்லது மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் இறங்கித் துளை வெளியே தெரிந்ததும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும்.

ஒருவழி வால்வை நம்ப வேண்டாம். நான் வாங்கியது உப்புப் படிந்து திறந்தபடியே நின்றுவிட்டது. துளைக்குக் காசும் இல்லை. மீன் விடுவதற்கு முன்பே பம்பை அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

திங்கள்சந்தை: பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கோன் மிச்சமிருக்கிறது. தொட்டியை ஒட்ட அது போதாதா?

பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்தது என்றால் மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

கன்னியாகுமரி: ரெஃப்யூஜியத்தில் போட "லைவ் ராக்" என்று பவளக்கல் மலிவாகத் தருகிறார் ஒருவர். பில் கிடையாதாம்.

பில் தர முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். நம் கடலிலிருந்து அதை எடுப்பதும் விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருந்தால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். செயற்கையாகச் செய்த செராமிக் கல் கடைகளில் கிடைக்கிறது. பில்லோடு அதை வாங்குங்கள்.