வைக்கல் வாங்கப் போறீங்களா? தராசையும் கொண்டு போங்க (கேள்வி-பதில்)

சிறுபோக வெட்டு முடிஞ்ச கையோட வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல இந்த முறை வைக்கல் கட்டுப் பிரச்சினைதான். சுருக்கிப் போட்டிருக்கன்.

கேள்வி (வெல்லாவெளி): லொறியில கொண்டு வந்த ஒராளிட்ட 150 கட்டு வாங்கினன். மேல் அடுக்கு நல்ல மஞ்சள், அடியில உள்ளதெல்லாம் கறுத்து பூஞ்சணம். ஆள் போன் எடுக்கிறாரில்ல. மாடு மோந்து பாத்திட்டு விலகுது.

பதில்: தங்கச்சி, முதல்ல மாட்டுட சொல்ல கேளுங்க. தவிடு தூவி ஏமாத்திக் குடுக்க வேணாம், சினை மாட்டுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீங்க, பூஞ்சணம் பட்ட தீனியால கன்டு கலையிறதும் நடக்கும். கட்டை உதறக்குள்ள உங்கட மூக்கு வாயையும் துணியால கட்டிக் கொள்ளுங்க, அந்தத் தூசு மனுசர்ர நெஞ்சுக்கும் ஆகாது. கறுத்ததை தென்னைக்கு அடியில போட்டா ஈரமாவது நிக்கும்.

மறுகா காசு விசயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுத்து சொல்லுங்க, ஆனா போனோட விடாதீங்க, எழுத்திலயும் குடுக்கணும். 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள முறைப்பாடு போகணும். பில் இல்லாட்டியும் லொறி நம்பர், காசு போட்ட சிலிப், கட்டைப் பிரிச்சு எடுத்த போட்டோ எல்லாம் வையுங்க. நல்லதை மேல வச்சு கெட்டதை மறைச்சது ஏமாத்து, பொலிசிலயும் சொல்லலாம். உங்களிட்ட நான் பிழை காண மாட்டன், லொறியில அடுக்கின கட்டை அடி வரைக்கும் ஆர் இழுத்துப் பாப்பாங்க, அதுக்குத்தானே அந்தாள் அப்படி அடுக்கினது.

கேள்வி (நிந்தவூர்): ஒராள் கட்டு 400 ரூபா எண்டுறார், இன்னொராள் 330 எண்டுறார். 330க்கு எடுக்கிறது லாபம்தானே?

பதில்: காக்கா, கட்டு எண்டா எத்தின கிலோ? அதை நீங்களும் எழுதல்ல, கேட்டும் இரிக்கமாட்டீங்க. எனக்கு இதுல பழைய கோவம் ஒண்டு இருக்கு, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. அரிசியைக் கிலோவில வாங்குறம், மீனைக் கிலோவில வாங்குறம், மாட்டுத் தீனி மட்டும் கட்டுக் கணக்கு! பேலர், அதான் வைக்கலைக் கட்டாக் கட்டுற மெசின், ஓட்டுறவர் கொஞ்சம் லூசா விட்டா அதே அளவுக் கட்டு 11 கிலோ, இறுக்கினா 18 கிலோ, வெளியில பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி. இப்ப கணக்கைப் பாருங்க, 400 ரூபாக் கட்டு 18 கிலோ எண்டா கிலோ 22 ரூபா சொச்சம், 330 ரூபாக் கட்டு 11 கிலோ எண்டா கிலோ 30 ரூபா. மலிவு எண்டு எடுத்தது எங்க போய் நிக்குது?

அதோட முடியல்ல. நிறுத்து வாங்குறம் எண்டு சொன்ன உடன தண்ணி தெளிச்சுக் கொண்டு வாற ஆக்களும் இருக்காங்க. 18 கிலோக் கட்டில ஈரம் 15 வீதம் எண்டா 15 கிலோவுக்கு மேல காஞ்ச தீனி, ஈரம் 30 வீதம் எண்டா 12 கிலோ சொச்சம்தான், மிச்சம் நீங்க காசு குடுத்து வாங்கின தண்ணி. அதால கண்ட இடத்தில பத்துக் கட்டை உங்கட கையால இழுத்து எடுத்து நிறுங்க, சராசரி பாருங்க, அதுல ரெண்டை அறுத்து நடுவுக்குள்ள கையை விடுங்க. நடு சூடா இருந்தா விட்டிட்டு வாங்க. ஒரு பிடி எடுத்து முறுக்கினா முறியணும், சும்மா வளைஞ்சு குடுத்தா இன்னும் காயல்ல. ஈரம் பாக்கிற மீட்டர் ஒண்டு நானும் ஆன்லைன்ல எடுத்தன், வைக்கலுக்குள்ள குத்தினாலும் 14, பூச்சாடிக்குள்ள குத்தினாலும் 14, இப்ப அது பேரன்ட விளையாட்டுச் சாமான். விக்கிறவர் தன்ட தராசு கொண்டு வந்தா அந்த வருசத்து முத்திரை இருக்கா எண்டும் பாருங்க, கச்சேரியில அளவீட்டு அலகுகள் பகுதி எண்டு ஒண்டு அதுக்குத்தான் இருக்கு.

கேள்வி (கல்முனை): பேஸ்புக்கில படம் பாத்து 300 கட்டுக்கு முழுக் காசும் அனுப்பிட்டன். ரெண்டு கிழமையா வரல்ல. என்ன செய்ய?

பதில்: ஆளையும் காணாம வைக்கலையும் காணாம முழுக் காசா? வங்கிக்கும் பொலிசுக்கும் இண்டைக்கே போங்க. அடுத்த கடிதத்தில இதே கதை வந்தா பதில் எழுத மாட்டன்.

கேள்வி (அக்கரைப்பற்று): லீசிங்ல பேலர் ஒண்டு எடுத்து வைக்கல் யாவாரம் தொடங்கலாமா?

பதில்: தம்பி, லீசிங் பன்னிரண்டு மாசமும் வரும், வைக்கல் வருசத்தில ரெண்டு தரம்தான் வரும். பெரும்போக வெட்டு தை மாசி பங்குனியில, மழை முழுசா விடாத காலம், காய்ஞ்சு கிடந்த வைக்கல் ஒரு மழையோட போயிரும். சிறுபோக வைக்கல்தான் வெயிலுக்கு நல்லாக் காயும். வெட்டு மெசின்காரர் வைக்கலை நொறுக்கித் தூவிட்டுப் போனாலும் பேலரால அள்ள ஏலாது, அவரோடயும் வயல்காரரோடயும் முதலே பேசணும். வயல்ல நெருப்பு வைக்கிற ஆக்கள் இன்னும் இருக்காங்க, அவங்களிட்டத்தான் முதல்ல போங்க.

லாபம் கட்டுறதில இல்ல, வச்சிருந்து விக்கிறதில. ஐப்பசியில பெரும்போகம் விதைக்க, வயல்ல நிண்ட மாடெல்லாம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் போகும், வீட்டோட பால்மாடு வச்சிருக்கிறவங்க தீனிக்கு அந்தரப்படுவாங்க. அந்த நேரம் வரைக்கும் நனையாம வைக்க கூரை இருக்கா? நிலத்தில வைக்காம கொட்டன் போட்டு அடுக்கணும், ஈரக் கட்டை அடுக்கினா உள்ளுக்குள்ள சூடேறி தானாப் பத்தும். மலிவுப் படங்கை நம்பாதீங்க, நான் வாங்கின நீலப் படங்கு ஒரு வெயிலுக்கே சல்லடையாப் போயிட்டு. முதல் போகத்துக்கு ஆரும்ட பேலரை வாடகைக்கு எடுத்துப் பாருங்க, மறுகா லீசிங் கடைக்குப் போங்க.

கேள்வி (செங்கலடி): "யூரியா போட்ட சத்து வைக்கல்" எண்டு ரெட்டை விலை கேக்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: சரியாச் செஞ்சிருந்தா நல்லதுதான். வெறும் வைக்கல்ல புரதம் 4 வீதம் அளவில, அது வயிறு நிரப்பும், பால் தராது. ஆனா ரெட்டை விலை எதுக்கு? 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணி, அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, காத்துப் போகாம பொலித்தீனால மூடி பத்து நாள் விட்டா வீட்டிலயே முடிஞ்சுது. திறக்கக்குள்ள மூக்கில ஏறுற நெடி வரணும், வராட்டி உங்களுக்கு விக்கிறது வெறும் வைக்கல். கொஞ்ச நேரம் காத்தாட விட்டுத்தான் போடணும், ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கன்டுக்குப் போடவே வேணாம். கரைச்ச வாளியை மாடு குடிச்சா செத்துப் போகும், கவனம்.

கேள்வி (வவுணதீவு): கோ-3 தீனிப் புல்லைக் காயவச்சு கட்டி விக்கலாமா?

பதில்: வேணாம். தண்டு காயிறதுக்குள்ள இலை தூளாயிரும். பச்சையா வித்திருங்க, இல்லாட்டி சைலேஜ் போடுங்க, அதான் பச்சையா வெட்டி காத்துப் போகாம மூடிப் புளிக்க வைக்கிறது.

கேள்வி (சம்மாந்துறை): மழைக்கு நனைஞ்ச 80 கட்டை திரும்பக் காயவச்சு வச்சிருக்கன். வாங்குறவரிட்ட சொல்லணுமா?

பதில்: சொல்லணும். விலையையும் குறைக்கணும். சொல்லாம வித்தா அவர் எழுதுற கடிதமும் எனக்குத்தான் வரும்.