விண்வெளிக் கல்வி மையத்துக்குப் போகுமுன்: கேள்வி பதில்

விண்வெளிக் கல்வி மையங்களில் நெடுங்காலம் விளக்குநராக இருந்தவன் என்ற முறையில், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு வந்த வரிசையில் பதில் தருகிறேன். கட்டணம், நேரம் போன்றவற்றை அந்தந்த மையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப் போகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? (ஓர் ஆசிரியை)

பார்த்துவிடலாம் அம்மா, ஆனால் மனத்தில் ஒன்றும் தங்காது. முன்னதாக நீங்கள் மட்டும் ஒருமுறை போய் வாருங்கள். இரண்டு மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் முன்னால் நின்று நிதானமாகப் பேசுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். கூடைப்பந்துதான் பூமி, டென்னிஸ் பந்துதான் நிலவு என்று சொல்லி, நிலவை உரிய தூரத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் கைக்கெட்டும் தூரத்திலேயே வைப்பார்கள். சரியான தூரம் ஏறத்தாழ 7 மீட்டர், அதாவது 30 பூமிகளை வரிசையாக அடுக்கிய நீளம். இதே அளவில் சூரியன் 26 மீட்டர் அகலத்தில், 2.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படங்களில் கோள்களின் அளவும் தூரமும் ஒருசேரச் சரியாக இருக்கவே முடியாது. இதைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகள் மையத்துக்குள் கேள்விகளோடு நுழைவார்கள்.

ஐந்து வயது மகன் இருட்டைக் கண்டால் அழுவான். கோளரங்கத்துக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம். கதவோரம் உட்காருங்கள். விளக்குகள் மெல்ல மெல்ல மங்கும் என்பதை முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள். அப்படியும் அழுதால் வெளியே வந்துவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

எடையின்றி மிதக்கும் அறை எந்த மையத்தில் இருக்கிறது?

எந்த மையத்திலும் இல்லை. சுவிட்சைத் தட்டி ஈர்ப்பை நிறுத்த யாராலும் முடியாது. விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடத் தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதிலிருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். பூமியில் அந்த அனுபவம் வேண்டுமென்றால், மேலேறி இறங்கும் சிறப்பு விமானப் பயணத்தில் ஒவ்வொரு முறையும் இருபது விநாடி அளவுக்குக் கிடைக்கும்.

திரும்பி வரும் விண்கலத்தின் அடிப்பக்கம் ஏன் மழுங்கலாக இருக்கிறது? கூர்மையாக இருந்தால் காற்றைக் கிழித்து வராதா? (பத்தாம் வகுப்பு மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. கிழித்துக்கொண்டு வரக் கூடாது என்பதுதான் நோக்கம். சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர். விலக நேரமில்லாத காற்று கலத்தின் முன்னே நசுங்கி, பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. முனை கூர்மையாக இருந்தால் அந்தக் கொதிக்கும் அடுக்கு முனையை ஒட்டியே நிற்கும், முனை உருகிவிடும். மழுங்கலாக இருந்தால் அதிர்வலை, அதாவது காற்று திடீரென நசுங்கத் தொடங்கும் எல்லை, சற்று முன்தள்ளி நிற்கும். வெப்பத்தில் பெரும்பங்கைக் காற்றே சுமந்துகொண்டு பக்கவாட்டில் போய்விடும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஹார்வி ஆலன் கண்ட வழி இது.

மையத்தில் வெப்பக் கவசத்தின் துண்டு இருந்தால் குனிந்து பாருங்கள். நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுசென்ற அப்போலோ கலத்தின் கவசத்தில் தேன்கூட்டு வடிவில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் பிசினைத் தனித்தனியாகக் கையால் நிரப்பினார்கள். அது கருகி உதிரும்போதே வெப்பத்தையும் கொண்டுபோய்விடும்.

திரும்பி வரும் விண்கலம் உராய்வால்தான் சூடாகிறது என்று பாடநூல் சொல்கிறது. மாணவர்களை ஏன் குழப்புகிறீர்கள்? (ஓர் ஆசிரியர்)

குழப்பவில்லை ஐயா. உராய்வும் உண்டு, ஆனால் மழுங்கலான முகப்பில் முதன்மைக் காரணம் காற்று அமுங்குவதுதான். சைக்கிள் பம்பை வேகமாக அடியுங்கள், அடிப்பகுதி சுடும்.

பம்பு சுடுவதும் உள்ளே உராய்வதால்தானே? (அதே ஆசிரியர்)

இந்த மறுப்பை வரவேற்கிறேன், சோதித்தே முடிவுகட்டலாம். பம்பின் வாயைத் திறந்துவைத்து அதே வேகத்தில் அதே தடவை அடியுங்கள். உராய்வு அப்படியே இருக்கிறது, காற்று மட்டும் அமுங்கவில்லை. இப்போது பம்பு அந்த அளவுக்குச் சுடாது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், வகுப்பிலேயே செய்து பாருங்கள்.

நிலவில் மனிதன் இறங்கியது உண்மையா?

உண்மை. 1969லும் 1971லும் அங்கே வைத்த பிரதிபலிப்பான்கள் இன்றும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒளி போய்வர ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகிறது.

மகளின் பிறந்தநாளுக்கு மிதக்கும் அறையில் விளையாட வைக்க ஆசை...

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

மையத்தில் சூரியப் புள்ளிகளைக் காட்டினார்கள். வீட்டுத் தொலைநோக்கியில் பார்க்கலாமா?

உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் கூடாது. கணநேரப் பார்வைகூடக் கண்ணைக் கெடுக்கும், வலி தெரியாது. வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறு தேடுநோக்கியையும் மூடியிட்டு அடைத்துவிடுங்கள். பிள்ளைகளைத் தொலைநோக்கியோடு தனியே விடாதீர்கள்.

மிதக்கும் அறைக்கு வயது வரம்பு உண்டா?

அந்த அறையே இல்லை.

என் பழைய தொலைநோக்கியுடன், கண் வைக்கும் பக்கத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. சூரியனைப் பார்க்க அது போதாதா?

போதாது. லென்ஸ் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடும், அடுத்த நொடி வெளிச்சம் நேரே கண்ணுக்குள் பாயும். இன்றே அதைத் தூக்கி எறியுங்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.