ஃபிஃபாவை விட்டு வெளியேறலாமா?

கேள்வி: நம் உச்ச நீதிமன்றம் நியமித்த குழுவைக் காரணம் காட்டி, 2022-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை செய்தது. இது நாட்டுக்கே அவமானம் இல்லையா? அந்த அமைப்பை விட்டு வெளியேறினால்தான் என்ன?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வெளியேறினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டோம். ஆசிய கிளப் போட்டிக்காகக் கோகுலம் கேரளா பெண்கள் அணி உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியிருந்தது. இந்திய மகளிர் லீக்கை ஜெயித்து வாங்கிய இடம் அது. தடை வந்தது, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். அக்டோபரில் இங்கே நடக்க இருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் கைநழுவிப் போகப் பார்த்தது. 11 நாளில் தடை நீங்கியதால் அது பிழைத்தது. கோகுலம் பெண்கள் இழந்தது இழந்ததுதான்.

சரி, கோபப்படக் கூடாதா? படுங்கள். ஆனால் இது தொடங்கிய இடத்தையும் பாருங்கள். தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. சம்மேளனத்தின் சட்டவிதிகள் வழக்கில் இருக்கின்றன என்று சொல்லித் தேர்தலை நடத்தாமலே இருந்தார்கள். ஒன்றரை வருஷம் ஃபிஃபா தடை எதுவும் போடவில்லை. 2022 மே மாதம் நீதிமன்றம் மூவர் குழுவை நியமித்த பிறகுதான் ‘மூன்றாம் தரப்புத் தலையீடு’, அதாவது வெளியார் சம்மேளனத்தை நடத்தக் கூடாது என்ற விதியைக் கையில் எடுத்தது. அந்த விதி வேண்டியதுதான். அமைச்சர்கள் இஷ்டத்துக்கு ஆள் போட ஆரம்பித்தால் எந்த நாட்டிலும் கால்பந்து உருப்படாது. ஆனால் காலம் முடிந்தும் நாற்காலியை விடாதவர்களை விட்டுவிட்டு, ஆடுகிற பெண்களின் தலையில் அது விழுந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. மாநிலச் சங்கப் பிரதிநிதிகள் 36 பேரோடு முன்னாள் வீரர்கள் 36 பேருக்கும் ஓட்டு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவர்களில் 12 பேர் பெண்கள். ஃபிஃபா ஒத்துக்கொள்ளவில்லை. தடையை எப்படியாவது நீக்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஓட்டுரிமை போயே போய்விட்டது. நிர்வாகக் குழுவில் ஆறு இடங்கள் மட்டும்தான் வீரர்களுக்குக் கிடைத்தன. செப்டம்பர் 2-ஆம் தேதி தலைவர் தேர்தலில் சங்கங்கள் மட்டும் ஓட்டுப் போட்டன. முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு. கல்யாண் சௌபேக்கு 33. அவரும் கோல்கீப்பராக இருந்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீரர்கள் கையில் பாதி ஓட்டு இருந்திருந்தால், யார் ஜெயித்தாலும் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், அவமானம் என்றீர்கள். 2023 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த ஆண்கள் அணி, 2025 நவம்பரில் 142-க்குப் போனது. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அப்போது எந்தத் தடையும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். உங்கள் மாநிலச் சங்கத்தின் சார்பில் டெல்லியில் ஓட்டுப் போடுகிறவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? அந்தக் கேள்வியை அவர்களிடம் எழுதிக் கேளுங்கள்.