ஆன்லைன் இல்லாத கேம் கன்சோல் ஓடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அண்ணா. புதிதாக ஒரு கேம் கன்சோல் வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் நண்பர், ஆன்லைன் மல்டிபிளேயர், அதாவது நெட் வழியாகப் பிறரோடு ஆடுவது, நன்றாக இருக்கும் கன்சோல்தான் சந்தையில் நிற்கும், மற்றதெல்லாம் சில வருடத்தில் காணாமல் போய்விடும், அதைப் பார்த்து வாங்கு என்கிறார். நான் ஆன்லைனில் ஆடுவதே இல்லை, தனியாக ஆடும் கதை கேம்கள்தான் பிடிக்கும். அவர் சொல்வது சரியா?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் விற்பனைக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. இதைச் சோதிக்க நல்ல காலம் 1999க்கும் 2005க்கும் இடைப்பட்டது. அப்போது சந்தையில் நான்கு கன்சோல்கள் இருந்தன, ஆன்லைன் விஷயத்தில் நான்கும் நான்கு விதம்.

முதலில் சேகாவின் ட்ரீம்காஸ்ட். 1998 நவம்பரில் ஜப்பானிலும் 1999 செப்டம்பரில் அமெரிக்காவிலும் வந்தது, விலை அமெரிக்காவில் 199 டாலர், பெட்டிக்குள்ளேயே மோடம். டெலிபோன் வயரைச் செருகினால் போதும். 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பேன்டசி ஸ்டார் ஆன்லைன் கேமில் முன்பின் தெரியாத நான்கு பேர் சேர்ந்து ஆட முடிந்தது, அந்தக் காலத்தில் ஒரு கன்சோலில் இது பெரிய விஷயம். உங்கள் நண்பர் கணக்குப்படி ஜெயித்திருக்க வேண்டியது இதுதான். ஆனால் 2001 ஜனவரி கடைசியில், இனி இதைத் தயாரிக்கப் போவதில்லை என்று சேகா அறிவித்துவிட்டது. மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம். சேகாவின் முந்தைய கன்சோலான சாட்டர்னில் கடைக்காரர்களும் கேம் கம்பெனிகளும் ஏற்கெனவே சூடுபட்டிருந்தார்கள், விளையாட்டு கேம்களுக்குப் பேர்போன எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இதற்குக் கேம் செய்யவே இல்லை, டிஸ்க்கைக் காப்பியடிப்பதும் சுலபமாகிவிட்டது. மோடம் இதில் எதையும் சரிசெய்யவில்லை.

அடுத்து சோனியின் பிளேஸ்டேஷன் 2. 2000ல் வந்தபோது இதில் ஆன்லைன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் 2002ல்தான் நெட்வொர்க் அடாப்டர் என்று ஒரு பாகத்தைத் தனியாக விற்றார்கள், வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதன் பிறகும் எல்லாக் கேமுக்கும் பொதுவான ஒரு ஆன்லைன் சேவை அதில் இருந்ததில்லை, ஒவ்வொரு கேம் கம்பெனியும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டது. ஆனால் விற்றதோ 15 கோடிக்கும் மேல், வீட்டுக் கன்சோல்களில் இன்றுவரை அதை மிஞ்சியது எதுவும் இல்லை. டிவிடி பிளேயர் விலை கூடுதலாக இருந்த நேரத்தில் இது டிவிடியும் ஓட்டியது, பழைய பிளேஸ்டேஷன் கேம்களையும் ஏற்றுக்கொண்டது, கேம்களோ வந்து குவிந்தன. அதில் அதிகம் விற்ற ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸில் ஆன்லைனே கிடையாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மற்ற இரண்டின் கதைதான். மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில், ஹார்ட் டிஸ்க்கும் பிராட்பேண்ட் போர்ட்டும் உள்ளேயே இருக்கும்படி வந்தது. அடுத்த வருடமே எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவை, அப்புறம் 2004ல் ஹேலோ 2 கேம். அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த ஆன்லைன் அதுதான், யாரும் மறுக்க மாட்டார்கள். அதே 2001ல் வந்த நின்டெண்டோ கேம்கியூபிலோ, விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்களுக்குத்தான் ஆன்லைன், அதற்கும் தனி அடாப்டர். முடிவில் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி, கேம்கியூப் 2.17 கோடி. சிறந்த ஆன்லைனுக்கும் இல்லாத ஆன்லைனுக்கும் நடுவே இவ்வளவுதான் தூரம். இதில் முதல் எக்ஸ்பாக்ஸால் மைக்ரோசாஃப்டுக்குப் பெரும் நஷ்டம், நின்டெண்டோ அந்த வருடங்களிலும் வருடக் கணக்கை லாபத்தில்தான் முடித்தது.

பிறகு 2006ல் வந்த நின்டெண்டோ வீ. அதில் நண்பரோடு ஆன்லைனில் ஆட வேண்டுமானால் கேமுக்குக் கேம் 12 இலக்க எண் ஒன்றை இருவரும் மாற்றிக்கொள்ள வேண்டும், எழுதிக் கொடுத்து வாங்கி உள்ளிடுவதற்குள் ஆசையே போய்விடும். அது 10 கோடி விற்றது. கூடவே வந்த வீ ஸ்போர்ட்ஸில் ஆன்லைன் கிடையாது, கூடத்தில் நின்று பாட்டியும் பேரனும் பந்து உருட்டியதில்தான் அந்தக் கன்சோல் ஓடியது. 2017ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சும் இப்படித்தான். ஆடிக்கொண்டே பேசுவதற்கு போனில் தனியாக ஓர் ஆப் போட வைத்தார்கள், சிரிப்பாக இருக்கும். அதுவும் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

சரி, நண்பர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. மைக்ரோசாஃப்டின் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் அமெரிக்காவில் கால் ஆஃப் டியூட்டி ஆடுகிறவர்கள், நண்பர்கள் எந்தக் கன்சோலில் இருக்கிறார்களோ அதையே வாங்கினார்கள். முதல் பெட்டி 2.4 கோடியில் நின்ற இடத்தில் 360 எட்டுக் கோடியைத் தாண்டியது. ஆன்லைன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பிளேஸ்டேஷன் 3ஐ விட ஒரு வருடம் முந்தி வந்தது, விலையும் குறைவு. ஆனாலும் வாங்கியவரை அங்கேயே பிடித்து வைத்ததில் ஆன்லைனுக்குப் பங்கு உண்டு. இன்றைக்கு ஃபோர்ட்நைட் போன்ற கேம்களில் பிளேஸ்டேஷன்காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் சேர்ந்தே ஆடலாம், 2018 செப்டம்பரில் சோனி இறங்கி வந்து அதற்கு ஒத்துக்கொண்டது. அதனால் அந்தப் பிடியும் முன்புபோல் இறுக்கமாக இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், கதை கேம்தான் பிடிக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆட ஆசைப்படும் ஐந்து கேம்களின் பெயரை எழுதுங்கள், அவை எந்தக் கன்சோலில் வருகின்றன என்று பாருங்கள், அதை வாங்குங்கள். நண்பரோடு சேர்ந்து ஆடப் போவதில்லை என்றால் அவர் கன்சோலை நீங்கள் வாங்க ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: ஆன்லைன் இல்லாமலே விற்கும் என்றால் கம்பெனிகள் ஏன் அதையே தூக்கிப் பிடிக்கின்றன? வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட மாதச் சந்தா வேறு. கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கன்சோலை ஒரு முறைதான் விற்க முடியும், சந்தாவை மாதாமாதம் விற்கலாம், கேமுக்குள் உடை, ஆயுதம் என்று நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றிலும் கன்சோல் கம்பெனிக்குப் பங்கு உண்டு. இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது எக்ஸ்பாக்ஸ் லைவ். பிளேஸ்டேஷன் 3ல் ஆன்லைன் இலவசமாக இருந்தது, 2013ல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் சோனியும் சந்தா கேட்டது, 2018 செப்டம்பரில் நின்டெண்டோவும் கையை நீட்டியது. இதைப் பெருந்தீனி என்று சொல்லலாமா தெரியவில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 2021 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சந்தாவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கப் பார்த்தது, ஆட்கள் கொந்தளித்ததில் ஒரே நாளில் பின்வாங்கியது. கூச்சல் போட்டால் பலன் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் ஆன்லைன் கேம் செய்தாலே காசு கொட்டும் என்பதும் இல்லை. 2024 ஆகஸ்ட் 23ல் சோனி கான்கார்ட் என்ற ஆன்லைன் கேமை விட்டது, ஆட ஆளில்லாமல் செப்டம்பர் 6ல் மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே வருடம் அதே சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 சக்கைப்போடு போட்டது, அதுவும் ஆன்லைன்தான்.

சந்தா கட்டாயமா என்றால், தனியாக ஆடுவதற்கும் ஒரே டிவியில் இரண்டு கன்ட்ரோலர் வைத்து ஆடுவதற்கும் மூன்று கம்பெனியிலும் வேண்டாம். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களை ஆன்லைனில் ஆடுவதற்கும் வேண்டாம், எக்ஸ்பாக்ஸில் இது 2021 ஏப்ரலில்தான் மாறியது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் பிறரோடு ஆடத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் ஃபைலை, அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவை, மட்டும் தனியாக பென் டிரைவில் காப்பி செய்ய முடியாது, கன்சோல் முழுவதையும் யூஎஸ்பி டிரைவில் பேக்கப் எடுக்கலாம், கிளவுடில் ஏற்றவோ சந்தா வேண்டும். சந்தாவும் பேக்கப்பும் இல்லாமல் இருந்து கன்சோல் கெட்டுப்போனால் நூறு மணி நேரம் ஆடியதும் அதோடு போய்விடும்.

கேள்வி: சார், எங்கள் பகுதியில் நெட் அடிக்கடி போய்விடும். எட்டாவது படிக்கும் மகனுக்கும் ஐந்தாவது படிக்கும் மகளுக்கும் சேர்த்து ஒன்று வாங்க வேண்டும். நெட் இல்லாமல் எது ஓடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கன்சோலைவிட கேமைத்தான் பார்க்க வேண்டும் அம்மா. தனியாக ஆடும் கேம் என்றாலே நெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஓட்டும் கேமான கிரான் டூரிஸ்மோ 7ல் தனியாக ஓட்டுவதற்கே பெரும்பாலும் நெட் வேண்டும், 2022 மார்ச்சில் சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் படுத்துவிட்டதில் காசு கொடுத்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ இன்னும் மோசம், 2024 மார்ச் கடைசியில் சர்வரை மூடியதும் டிஸ்க் கையில் இருந்தும் கேம் ஓடவில்லை. பிளேஸ்டேஷன் கடைப் பக்கத்தில் ஒவ்வொரு கேமுக்கும் கீழே ஆன்லைன் கட்டாயமா விருப்பமா, ஒரே கன்சோலில் எத்தனை பேர் ஆடலாம் என்று போட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

டிஸ்க் போடும் இடம் உள்ள மாடலையே வாங்குங்கள். டிஜிட்டல் மாடல் விலை குறைவுதான், ஆனால் ஒவ்வொரு கேமையும் முழுசாக டவுன்லோடு செய்ய வேண்டும், பல கேம்கள் 50 ஜிபியைத் தாண்டும், உங்கள் நெட்டுக்கு அது சரிவராது. ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. இப்போது டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டும் பிளேஸ்டேஷன் 5 வருகிறது, மாட்டியவுடன் ஒரு முறை நெட்டில் இணைத்தால்தான் அது வேலை செய்யும். ஸ்விட்ச் 2ல் இன்னொரு வேலை செய்திருக்கிறார்கள், சில கேம்களின் கார்டில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான், மீதியை டவுன்லோடு செய்ய வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே அதைக் குறித்திருப்பார்கள், சின்ன எழுத்துதான், கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகள் என்பதால் முதல் நாளே இரண்டாவது கன்ட்ரோலருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இட் டேக்ஸ் டூ என்று ஒரு கேம் இருக்கிறது, திரை இரண்டாகப் பிரிந்து இருவர் சேர்ந்தால்தான் நகரும், தனியாக ஆடவே முடியாது. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டாவது சேர்ந்து ஆடுவார்கள். ஸ்விட்ச் வாங்கினால் மரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஒரே டிவியில் நான்கு பேர், நெட் வேண்டாம். கன்சோலை முதலில் தயார் செய்யவும் அப்டேட் போடவும் மட்டும் நெட் தேவைப்படும், போனின் ஹாட்ஸ்பாட்டே போதும், ஆனால் அன்றைய டேட்டாவைக் காலி செய்துவிடும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான ஒரு வீ யூ, ஒரு 3டிஎஸ் மலிவாக வருகிறது. ஆன்லைன் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. 2023 மார்ச்சில் இரண்டிலும் கேம் வாங்கும் ஆன்லைன் கடையை மூடினார்கள், 2024 ஏப்ரல் 8ல் ஆன்லைன் ஆட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். கார்டும் டிஸ்க்கும் இருந்தால் நெட் இல்லாத ஆட்டங்கள் வழக்கம்போல் ஓடும். இரண்டுமே நாடு பார்த்துத்தான் கேமை ஏற்கும், ஜப்பான் கன்சோலில் அமெரிக்கக் கேம் ஓடாது, அதனால் கன்சோலும் கேமும் ஒரே பகுதியைச் சேர்ந்தவையா என்று கேளுங்கள். வீ யூவைத் திரை உள்ள அந்தப் பெரிய கன்ட்ரோலர் இல்லாமல் கொடுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அது இல்லாமல் செட்டிங்ஸுக்குள்ளேயே போக முடியாது.