கட்டுக்கதையும் குளக்கட்டும்

கேள்வி: பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் பேன்டசி நாவல்களை விரும்பி வாசித்து வருகிறேன். இப்போது வயது 36. இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை. "இந்த வயதிலும் கட்டுக்கதையா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். வாசிப்பும் குறைந்துவிட்டது. ஒரே நாவலை எட்டு மாதமாகக் கையில் வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாமா, தொடர ஏதும் வழி உண்டா?
- ஒரு வாசகி, கிண்ணியா

பதில்: தங்கச்சி, விடவேண்டாம். வழியைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் 'கட்டுக்கதை' என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

கட்டு என்றால் நம் பக்கத்தில் என்ன? வயலுக்கு வரம்பு கட்டுகிறோம். குடியிருக்க வீடு கட்டுகிறோம். மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். ஓர் ஆணி இல்லாமல் அலையைத் தாண்டிப் போய் மீனோடு திரும்பி வரும். இங்கிலீஷ்காரர் அந்தச் சொல்லையே தங்கள் மொழிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. கூத்துக்கு அண்ணாவியார் பாட்டுக் கட்டுவார். தாலியும் கட்டுவதுதான். இத்தனை இடத்திலும் மரியாதையாக இருக்கும் கட்டு, கதைக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் பொய்யாகிவிடுமா? ஒரு நல்ல சொல்லுக்கு நாம் செய்கிற அநியாயம் இது.

எனக்குப் பிடித்தது குளக்கட்டு. கந்தளாய்க் குளக்கட்டில் ஏறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் கடல் போலத் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நடுவில் அந்த மண்மேடு மட்டும். குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்தான் என்று வரலாற்றுக்காரர் சொல்வார்கள். எங்கள் அம்மம்மாவைக் கேட்டால் குளக்கோட்டு மகாராசா பூதங்களை வைத்துக் கட்டினார் என்பார். பூதங்கள் கூடைகூடையாக மண் சுமந்த விதத்தை, இடுப்பில் கைவைத்து நடந்தும் காட்டுவார். நான் இரண்டையும் கேட்டு வளர்ந்தவன். எது உண்மை என்று அம்மம்மாவோடு சண்டை பிடிக்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நல்ல பேன்டசி நாவலும் இப்படி ஒரு கட்டுத்தான். இல்லாத நாட்டை எழுதுகிறவருக்கு எதையும் எழுதலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும். முதலாம் அத்தியாயத்திலேயே மந்திரவாதியால் எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் அவருக்கு ஆபத்து வந்தாலும் வாசகருக்கு நெஞ்சு பதறாது. எல்லாத் தண்ணீரும் ஓடிப்போன குளம் அது. ஒரு மந்திரம் போட்டால் போட்டவரிடம் என்ன குறையும், யாரால் அதைப் போட முடியாது, எந்த இடத்தில் அது பலிக்காது என்று எல்லையைக் கட்டி, கடைசிப் பக்கம் வரை அந்த எல்லையை மீறாமல் எழுதவேண்டும். நம் தெருவைப் பற்றிக் கதை எழுதுகிறவருக்குத் தெரு ஏற்கெனவே இருக்கிறது. இவர் தெருவையும் போட்டு, அதில் ஓடுகிற காசையும் அச்சடித்து, அங்குள்ளவர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதையும் கண்டுபிடிக்கவேண்டும். இந்த உழைப்பை வாசித்து ரசிக்கிற உங்களிடம் வயதைக் கேட்பது சரியில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காதது. இந்த வகைக் கதை வெளிநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் நண்பர் ஒருவரோடு இதற்காக இருபது வருடமாக வாதாடுகிறேன். அவர் 1960களின் முற்போக்கு எழுத்தில் ஊறியவர். சாதியையும் கூலியையும் பசியையும் கதைக்குள் கொண்டுவந்த அந்தத் தலைமுறைக்கு நான் என்றும் நன்றி உள்ளவன். ஆனால் யதார்த்தம் என்ற ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் இழுத்துப் பூட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவரிடம் நான் எடுத்துப் போடுவது 1891ஆம் ஆண்டை. திருகோணமலைக்காரர் எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யைத் தமிழில் தந்த ஆண்டு. ஈழத்து நாவல் வரலாறு எழுதுகிற எல்லோரும் முதல் பக்கங்களில் சொல்லும் புத்தகம் அது. அதன் மூலம் ஐரோப்பாவின் பழைய வீரக் கதை ஒன்று. பொய்ப்பழி சுமத்தப்பட்டு நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அரசி காட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒரு பிள்ளையைக் கரடி தூக்கிக்கொண்டு போய்ப் பால் கொடுத்து வளர்க்கிறது. மற்றப் பிள்ளை அரண்மனையில் வளர்கிறது. பெரியவர்களானதும் அண்ணன் தம்பி என்று தெரியாமலே இருவரும் மோதுகிறார்கள். உண்மையைச் சொல்லும் வெண்கலத் தலை ஒன்று வருகிறது. குள்ளன் ஒருவன் மரக்குதிரையில் ஏறி ஆகாயத்தில் பறக்கிறான். இதற்குப் பேன்டசி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது? 130 வருடத்துக்கு முன்பே இந்த ஊர்க்காரர் ஒருவர் தமிழில் தந்த சரக்கு இது. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1885இல், சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திர'மும் எகிப்தில் பிறந்து களவுபோன ஒரு பிள்ளையின் கதைதான். ஈழத்துத் தமிழ் நாவல் நடக்கத் தொடங்கியதே தூர தேசத்தில், தங்கச்சி. உங்கள் உம்மும்மாமார் படித்த கிஸ்ஸா என்ற கதைகளையும் படைப்போர் என்ற போர்ப் பாட்டுகளையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பின்னால் போகும்.

மண் மண் என்கிறார்களே, இந்த மண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், பிரெடரிக் கோட்டை வாசலில் ஒரு கல் இருக்கிறது. இரட்டைக் கயல், பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்து. அதில் இருந்ததாக ஊர் சொல்லும் வெண்பா ஒரு தீர்க்கதரிசனம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து பிடிப்பான், பூனைக்கண்ணனும் செங்கண்ணனும் புகைக்கண்ணனும் ஆள்வார்கள், அதற்குப் பிறகு வடுகாய்ப் போகும் என்று அது சொல்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். தன் அழிவைப் பற்றிய வாக்கு எழுதிய கல், அழித்தவன் கட்டிய வாசலிலேயே பதிந்து நிற்கிறது! இதை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்து எழுதியிருந்தால் 'கொஞ்சம் அதிகம்' என்று நானே வெட்டியிருப்பேன். நாம் தினமும் அதைக் கடந்து கோணேசரைக் கும்பிடப் போகிறோம்.

என் நண்பரோடு போன மாதம் கடற்கரையில் இதே வாதம். "உள்ளதை எழுதவேண்டும், உள்ளதை" என்று அவர் கையை உயர்த்திச் சொல்லும்போது ஒரு புள்ளிமான் எங்களுக்கு நடுவால் வந்து, அவர் மடியில் இருந்த கடலைச் சரையை முகர்ந்து பார்த்தது. கிளைக்கொம்பு வைத்த கலைமான், மூக்கு ஈரமாக. அவர் அதைக் கவனிக்காமலே கையால் தள்ளிவிட்டு வாதத்தைத் தொடர்ந்தார். வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு இந்தக் காட்சியை எழுதிக் காட்டினால் பேன்டசி என்பார். நமக்கு அது பின்னேரம் ஐந்து மணி.

சரி, உங்கள் எட்டு மாத நாவலுக்கு வருவோம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் நாம் 'பாதை' என்ற மிதவைப் படகில்தான் துறையைக் கடந்தோம். உங்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளும் ஆடும் அரிசி மூட்டையும் ஆட்களும் ஒன்றாக ஏறி, பாதை அசைந்து அசைந்து அக்கரை சேரும். அது வரும்வரை துறையடியில் காத்திருப்போம். நான் வாசித்த தடித்த நாவல்களில் பாதி அந்தத் துறையடியில் வாசித்தவை. பாலம் வந்தது பெரிய நன்மை. நள்ளிரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடிகிறது. ஆனால் காத்திருக்கும் நேரம் நம் கையைவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருந்ததைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் ஆசை குறைந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். குறைந்தது துறையடி. வீட்டுக்குள் ஒரு துறையடியை நீங்களே வைத்துக்கொள்ளவேண்டும். சுபஹுத் தொழுகைக்கும் பிள்ளைகள் எழும்புவதற்கும் இடையில் உள்ள இருபது நிமிடம், அல்லது சோறு கொதிக்கும் நேரம். புத்தகத்தை அலுமாரியில் வைக்காமல் குசினியில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கை தானாக எடுக்கும்.

பேன்டசி நாவலைப் பலர் இடையில் விடுவது பெயர்களால். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் யார் யாருக்கு மகன், எந்தக் கோட்டை யாருடையது என்று ஒன்றும் நினைவில்லை. அப்புறம் புத்தகம் மூடியபடியே கிடக்கும். கடைசித் தாளுக்குள் ஒரு துண்டுக் கடுதாசி வைத்து, ஒவ்வொரு பெயரையும் உறவையும் ஒரு வரியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் கலியாணத்துக்கு அழைப்பு எழுதும் கொப்பி போலத்தான். நான் நாற்பது வருடமாக இப்படிச் செய்கிறேன்.

புத்தகம் தடிப்பு என்றால் பிரித்துவிடுங்கள். பதறவேண்டாம். ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெரிய பேன்டசிக் கதையை ஒரே நூலாகத்தான் எழுதினார். யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கடுதாசித் தட்டுப்பாடு, செலவும் அதிகம் என்பதால் பதிப்பகம் அதை மூன்றாக உடைத்து 1954லும் 1955லும் வெளியிட்டது. கடுதாசி இல்லாத கஷ்டம் என்னவென்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 2022இல் கடுதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. நமது இதழும் பக்கத்தைக் குறைத்தது. ஆகவே 900 பக்க நாவலைக் கைப்பையில் சுமக்க முடியாவிட்டால் பைண்டிங் கடையில் கொடுத்து முந்நூறு முந்நூறாக வெட்டி அட்டை போட்டு வாங்குங்கள். நான் இரண்டு நாவலுக்கு அப்படிச் செய்தேன். இரண்டையும் முடித்தேன்.

வருடத்துக்கு ஐம்பது புத்தகம், நூறு புத்தகம் என்று கணக்குக் காட்டுகிறவர்களைப் பார்த்து மனம் சோரவேண்டாம். இந்தக் கணக்குப் போட்டி மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. டோல்கின் அந்தக் கதையை எழுதத் தொடங்கியது 1937 முடிவில். எழுதி முடிக்கப் பன்னிரண்டு வருடம் போனது. அவ்வளவு காலம் எடுத்துக் கட்டிய ஒன்றை நீங்கள் எட்டு மாதம் வைத்திருந்து வாசித்தால் அதில் என்ன தவறு?

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது நாலு நாள் ஊரடங்கு. மின்சாரம் இல்லை. குப்பி விளக்கு ஒன்று, அதற்கும் எண்ணெய் கொஞ்சம். விளக்கடியில் ஒருவர்தான் இருந்து வாசிக்கலாம். நான் வாசித்தேன், விளக்கை அணைத்த பிறகு தங்கைக்குச் சொன்னேன். பனி மலை, கிழட்டு மந்திரவாதி, ஊமைப் பெண் ஒருத்தி. வெளியே சத்தம் கேட்கும்போது நான் நிறுத்துவேன். இருட்டுக்குள்ளிருந்து அவள் "பிறகு?" என்பாள். நாலாம் இரவு கதை முடியவில்லை, ஊரடங்கு முடிந்தது. அவள் இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளின் அம்மம்மா. போன வருடம் தொலைபேசியில் அந்த ஊமைப் பெண்ணுக்குக் கடைசியில் பேச்சு வந்ததா என்று கேட்டாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்த எட்டு மாத நாவலில் இதுவரை வாசித்ததைச் சொல்லிப் பாருங்கள். "பிறகு?" என்று கேட்டால் நீங்கள் மறுநாள் வாசித்தே ஆகவேண்டும். எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.